ஓடுகிற வானும் வீதிக்கு உகந்த வானும்

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் தோட்டஞ் செய்யும் எம்மவர் மத்தியில் ஒரு யோசனை அடிக்கடி பேசப்படுகிறது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய வானை வாங்கித் திருத்தி எடுத்தால், மரக்கறியை நாமே சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்பதே அது. யோசனையில் பிழை இல்லை. தோட்ட வாசலில் வந்து நிற்கும் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. சுன்னாகத்தில் கத்தரிக்காய் விலை விழுந்தால் திருநெல்வேலிக்கோ கொடிகாமத்துக்கோ திருப்பலாம். சொந்த மண்ணை விட்டு வந்தவனுக்குச் சொந்தமாக ஒரு வாகனம் என்பது வெறும் வாகனம் அல்ல என்பதும் எமக்குத் தெரியும்.

ஆனால் இந்தப் பேச்சில் ஒரு கணக்கு மாத்திரம் எப்போதும் விடுபட்டுப் போகிறது. யாரோ ஒருவரின் வளவில் பத்து வருடமாக மாமரத்தின் கீழ் நிற்கும் வானைக் காட்டி, "இவ்வளவுக்கு முடிக்கலாம்" என்கிறார்கள். அது வானை வளவிலிருந்து வெளியே எடுக்கும் விலை. வானை வீதியில் விடும் விலை வேறு. இந்த இரண்டாவது விலையை அறியாமல் ஒருவரும் நகையை அடைவு வைக்கக் கூடாது என்பதே நாம் இங்கு சொல்ல வருவது.

எதையும் ஓடவைத்துவிடலாம் என்ற துணிவு எம்மவருக்கு உண்டு. அது அனுபவத்தால் வந்த துணிவு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, பழைய ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் வெறுமையானபோது ஓடக்கூடியதெல்லாம் வீதியில் நின்றது. அப்போது செலவை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. நோயாளியை ஏற்ற வேண்டும், ஏற்றினோம். அந்தத் திறமையை நாம் மதிக்கிறோம். எமது கராச்களில் இன்று வேலை செய்யும் பல கைகள் அந்தக் காலத்தில் பழகிய கைகளே.

என்றாலும் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் விட்டுப் போகவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டதும் வான் சரி என்று நினைக்கிறோம். எஞ்சின் என்பது வானை ஓடவைக்கும் பொருள். வானை நிறுத்துவதும் திருப்புவதும் வேறு பொருட்கள். அன்று வீதியில் வேறு வாகனமே இல்லை. இன்று ஏ-9 வீதியில் இரவிரவாகச் சொகுசு பஸ்கள் பறக்கின்றன. விடியப்புறம் நாலு மணிக்கு அந்த வீதியில் மூட்டைகளோடு போகப்போகும் வான் அது.

பழைய வான் ஏன் இவ்வளவு விலை என்று பலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இந்த ஐந்து வருடமும் நாட்டில் நின்ற வாகனங்களே கைமாறின. ஒரு வான் வயது கூடக் கூட விலையும் கூடிக்கொண்டு போன புதினத்தை அப்போது பார்த்தோம். இதற்கிடையில் 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. யப்பானிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் அதோடு ஏறியது. இறக்குமதி திறந்த பின்னும் வரிச்சுமை காரணமாகப் புதிய வான் கமக்காரனின் கைக்கு எட்டும் பொருளாகவில்லை. எனவே பழைய வானைத் தேடுவது பேராசை அல்ல, வேறு வழி இல்லாமைதான்.

சரி, வானைப் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வானைப் பார்க்க வேண்டாம், புத்தகத்தைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் வானில் பொறித்திருக்கும் இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எமது பகுதியில் இது சிறிய விடயம் அல்ல. எஞ்சின் மாற்றிய வான்கள் ஏராளம். மாற்றியதைப் பதியாதவை அவற்றில் எத்தனையோ. பதிவுகாரர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது போரில் இறந்திருப்பார், அல்லது காணாமற் போயிருப்பார். கையொப்பமிட்ட வெறும் பத்திரத்தில் நாலு கை மாறி வந்த வானை ஐந்தாவது கையாக நீங்கள் வாங்குகிறீர்கள். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராகப் புத்தகத்தில் இன்னும் நிற்கவும் கூடும். பணம் முழுவதும் கொடுத்த பின்னரும் அந்த வான் சட்டப்படி உங்களுடையது ஆகாது. இதைச் சீர்செய்ய ஆகும் அலைச்சலையும் சட்டத்தரணிக் கூலியையும் எந்தக் கராச் மதிப்பீட்டிலும் காண மாட்டீர்கள்.

வருடாந்த அனுமதிப்பத்திரம் பல வருடம் எடுக்காமல் விடப்பட்டிருந்தால், ஓட்டத்தில் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தாலன்றி, நிலுவையும் தண்டமும் வரும். பிரதேச செயலகத்தில் வான் இலக்கத்தைக் கொடுத்து, வாங்குவதற்கு முன்னரே கேட்டு அறியுங்கள். அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். புகை கறுப்பாக வந்தால் நொசிலும் டீசல் பம்பும் கழற்றிப் பார்க்க வேண்டும். பம்ப் வேலை என்பது ஒரு போக வெங்காயத்தின் இலாபத்தை விழுங்கக்கூடிய வேலை.

இனி வானுக்கு வருவோம். நாம் பிறேக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் பொருள். வருடக்கணக்கில் நின்ற வானில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரைக் கறள் பிடிக்கச் செய்யும். றப்பர்கள் காய்ந்து இறுகிப் போயிருக்கும். முதல் நாள் மிதிக்கும்போது பிடிக்கும். பத்தாம் நாள் பாரத்தோடு இறக்கத்தில் மிதிக்கும்போது மிதி தரையைத் தொடும். ஆகவே நீண்ட காலம் நின்ற வானுக்கு மாஸ்ரர் சிலிண்டர், சில்லுகளிலுள்ள சிலிண்டர்கள், றப்பர் குழாய்கள், எண்ணெய் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, வேண்டியதை மாற்றும் செலவைக் கேள்வியின்றிக் கணக்கில் எழுதுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று கராச்காரர் சொன்னால் வேறு கராச்சைப் பார்ப்பது நல்லது.

ரயரில் பள்ளம் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். ஓடாத ரயரின் பள்ளம் தேய்வதில்லை, றப்பர் மாத்திரம் செத்துப்போகும். ரயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்தது, அந்த ரயரில் ஊஞ்சல் கட்டலாம். நாலு ரயரும் ஒரு உதிரி ரயரும் புதிதாக வாங்கும் விலையைக் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது அடிப்பாகம். எமது கடற்காற்றில் வானின் நிலத்தகடும் படிகளும் உள்ளிருந்து கறள் பிடிக்கும். பல வான்களுக்கு லொறியைப் போல் தனியான சட்டம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. எனவே தகடு போனால் பலமும் போகிறது. வெளியே புட்டி பூசி மினுக்கிவிடுவார்கள். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தகட்டில் ஒட்டும், தடித்த புட்டியில் ஒட்டாது. டிங்கரிங் வேலையில் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: வெட்டத் தொடங்கிய பின்னர்தான் உண்மையான அளவு தெரியும். ஒரு சாண் என்று சொன்னது ஒரு முழமாகும். மதிப்பீட்டில் அரைவாசியை மேலதிகமாக வைத்துக்கொண்டு கராச்சுக்குப் போவதே புத்தி.

எஞ்சினைக் கடைசியில் வைத்தோம் என்று கோபிக்க வேண்டாம். எஞ்சினைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறோம். எம்மிடையே அதிகம் ஓடும் ரொயோட்டா 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில் ரைமிங் பெல்ற் உண்டு. சுமார் ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு அதை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் அடிபட்டு வளையும். மீற்றரை நம்ப முடியாத வானில், வாங்கிய கிழமையே பெல்ற்றை மாற்றிவிடுங்கள். பெயின்ற் கடைசிக்கும் கடைசி. மரக்கறிக்குக் கண் கிடையாது.

இப்போது கணக்கு. கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் போட்டவை. உங்கள் கராச் தரும் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்க 11 லட்சம், வீதிக்கு உகந்ததாக்க 7 லட்சம், மொத்தம் 18 லட்சம் என்போம். வான் ஐந்து வருடம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு 30,000 ரூபா. மாதம் 20 தரம் சந்தைக்குப் போனால் ஒரு பயணத்துக்கு 1,500 ரூபா. டீசல், சாரதி, ரயர் எல்லாம் இதற்கு வெளியே. இவ்வளவு வரை கேட்டால் நல்லாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நகை அடைவு வைத்து, வருடத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டி என்றால், முதல் வருடத்தில் வட்டி மட்டும் 3,24,000 ரூபா. மாதத்துக்கு 27,000. ஒரு பயணத்தின் செலவு 2,850 ஆகிறது. இன்னும் ஒன்று. தோட்டக்காரனுக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் ஏற்ற மரக்கறி இருக்கிறதா? மாரி வெள்ளம், போகங்களுக்கு இடைப்பட்ட காலம் எல்லாம் கழித்து எட்டு மாதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 240 பயணம் அல்ல, 160 பயணம். அப்போது ஒரு பயணத்துக்கு 4,275 ரூபா! வான் அதே வான், வீதி அதே வீதி. நிற்கும் நாலு மாதமும் பற்றறி இறங்கும், பிறேக் இறுகும். அதையும் யாரோ கொடுக்க வேண்டும்.

இந்த எண்ணோடு டீசலையும் சாரதி கூலியையும் கூட்டி, இன்று வாடகை லொறிக்கு நீங்கள் கொடுக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். டீசலைக் கூட்டும்போது அது எப்படி ஏறக்கூடியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 2021 டிசம்பர் முடிவில் லீற்றர் 121 ரூபா, 2022 ஜூன் முடிவில் 460 ரூபா. வாடகை குறைவாக இருந்தால் வானை மாமரத்தின் கீழேயே விட்டுவிடுங்கள். வான் குறைவாக வந்தால், தயங்காமல் இறங்குங்கள். கூட்டாக இறங்குவதையே நாம் விரும்புகிறோம். பொறுப்பும் பாரமும் பிரிந்து போகும், நிற்கும் நாட்களும் குறையும். ஆனால் நாலு பேர் பணத்தில் ஒருவர் பெயரில் வானைப் பதிந்து, வாய்ப் பேச்சோடு விடுவது பிரச்சினையை விலைக்கு வாங்குவது போன்றது. அந்த ஒருவர் நாளை கனடாவுக்குப் போகலாம். பதிவு பெற்ற சங்கம் இருந்தால் அதன் பெயரில் எடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தில் உடன்படிக்கை செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தொகையைத் திருத்தச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடும் வானுக்கு மூன்று வருடத்துக்குள் ரயர் முடியலாம், நாலு மாதத்துக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டும். இவை திடீர்ச் செலவுகள் அல்ல, நாள் குறித்து வரும் செலவுகள்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயம் கிண்டப் போகும் பெண்களை மூட்டைகளுக்கு மேல் இருத்திக் கொண்டுபோகும் வழக்கம் எமது கிராமங்களில் இருக்கிறது. காப்புறுதியில் எழுதிய பாவனைக்கு மாறாகக் கூலிக்கு ஆட்களை ஏற்றியிருந்தால், விபத்தின் பின் நட்டஈடு மறுக்கப்படக்கூடும். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு அப்போது யார் பதில் சொல்வது? இருக்கை பொருத்தும் செலவையும் வீதிக்கு உகந்ததாக்கும் செலவுக்குள்தான் நாம் சேர்க்கிறோம்.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. பழைய வாகனத்தை மக்களுக்குக் கையளித்து, மாலை போட்டுப் படம் எடுத்துப் போய்விடுகிறார்கள். ஆறாம் மாதம் அது ஒரு வேலியோரம் நிற்கிறது. புதிதாக ஒரு வாகனம் கொடுப்பதை விட, ஊரில் ஏற்கெனவே நிற்கும் வானின் பிறேக்குக்கும் ரயருக்கும் பதிவுச் சிக்கலைத் தீர்ப்பதற்கும் பணம் கொடுப்பது பல குடும்பங்களுக்கு உதவும். பிறேக் றப்பருக்குத் திறப்புவிழா வைக்க முடியாது என்பதுதான் அவர்களுக்குள்ள கஷ்டம் போலும்.

கணக்கு ஒத்துவராத குடும்பங்கள் சோர்ந்துவிட வேண்டாம். ஐந்து குடும்பங்கள் ஒன்றாகப் போய், கிழமையில் இன்னின்ன நாட்கள் என்று குறித்து, ஊர் லொறிக்காரரோடு மாத வாடகை பேசுங்கள். தனித்தனியாகப் போவோருக்குக் கிடைக்காத விலை ஐவருக்குக் கிடைக்கும். அவருக்கும் நிச்சயமான ஓட்டம் கிடைக்கும். பேசி முடித்து எழும்பும்போது, அவருடைய ரயரிலுள்ள நான்கு இலக்கங்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.