தலைக்கவசமும் துண்டுச்சீட்டும்

நாஜி ஜெர்மனியின் பதக்கங்களையும் ஆவணங்களையும் சேகரிப்போர் ஓயாது ஓதும் மந்திரம் ஒன்றுண்டு: அசலோடு ஒப்பிட்டுப் பார், போலி தானே வெளிப்படும். அந்த அசலை அசல் என்று சொன்னவர் யார்?

1983 ஏப்ரலில் ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்ததாக அறிவித்தது. கையெழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டார்கள், பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் நாட்குறிப்பை எழுதிய கொன்ராட் குயாவின் கைச்சரக்கு கலந்திருந்தது! இறுதியில் காட்டிக்கொடுத்தது காகிதம்தான். போருக்குப் பின்னரே புழக்கத்திற்கு வந்த வெளுப்பூட்டி அதில் இருந்தது.

குயாவின் முந்தைய வணிகம் இன்னும் எளியது. முதல் உலகப்போர்க் காலத்துத் தலைக்கவசம் ஒன்று, சில மார்க்குகளே பெறும். 1917இல் ஹிட்லர் அணிந்தது என ருடால்ஃப் ஹெஸ் பெயரில் ஒரு சீட்டு எழுதிச் சேர்த்தார். கவசத்தை எந்தப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் பழுது தெரியாது, அது அசல். விலையோ சீட்டுக்கு. பதக்கத்தின் ஊசியையும் முத்திரையையும் கரைத்துக் குடித்த வித்தகர்கள் இந்தச் சீட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செய்வதில்லை.

நாட்குறிப்பின் அட்டையில் 'ஏ.எச்.' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.எச்.' என்றிருந்தது. ஏறத்தாழ 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியவர்களை அந்த ஓரெழுத்து தடுக்கவில்லை.