மரத்தில் வாழும் நண்டு



நண்டு எங்கே வாழும் என்று நம் கடற்கரைப் பிள்ளைகளைக் கேட்டால், கடலில், கழிமுகத்தில், ஈரமணல் வளையில் என்று உடனே விடை வரும். மரத்தின்மேல் வாழும் என்று நாம் சொன்னால் நகைப்பார்கள். ஆயினும் அத்தகைய நண்டுகள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று, நம் தாமிரபரணி பிறக்கின்ற அதே மலைத்தொடரில் வாழ்கிறது. அதன் கதையை அறியுமுன் அமெரிக்கக் காடுகளுக்குச் சென்று வருவோம்.

அன்னாசியை நாம் அறிவோம். போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்த கனி அது; பெயரும் அவர்கள் மொழியினின்று வந்ததே. அது புரோமிலியா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் 3,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஓர் இனம் நீங்கலாக, ஏனைய யாவும் அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை அடுத்த தீவுகளையும் தாயகமாகக் கொண்டவை. இவற்றுட் பல மண்ணில் வேரூன்றாமல், உயர்ந்த மரக்கிளைகளைப் பற்றி வளர்கின்றன. புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. தங்க இடம் மட்டுமே கேட்கின்றன. இலைகளின் அடிப்பகுதி கிண்ணம் போல் நெருங்கி அமைந்திருப்பதால் அங்கே மழைநீர் தேங்குகிறது. கோஸ்டா ரிக்கா நாட்டு அறிஞர் குளோதோமிரோ பிக்காதோ, இச்சிறு குளங்களில் பல்வகை உயிர்கள் குடியிருப்பதை ஆராய்ந்து 1913-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

ஜமைக்காத் தீவின் மலைக்காடுகளில் ஒரு சிறு நண்டு இக்கிண்ணத்து நீரிலேயே குஞ்சு பொரிக்கிறது. தாய் நண்டு நீரில் விழும் சருகுகளை அப்புறப்படுத்துகிறது. நத்தை ஓடுகளைக் கொணர்ந்து நீரில் இடுகிறது. அவற்றின் சுண்ணாம்பு நீரின் புளிப்பைத் தணிப்பதோடு குஞ்சுகளின் ஓடு வளரவும் உதவுகிறது. இரை தேடித் தருகிறது. பகைப் பூச்சிகளை விரட்டுகிறது. ஒரு கையளவு நீரில் எத்துணை நேர்த்தியான இல்லறம்!

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் புரோமிலியா இல்லை. பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் இங்கே கிளைகளைப் பற்றி வளர்ந்து, மழையையும் மூடுபனியையும் ஏந்திச் சிறிது சிறிதாகக் கசிய விடுகின்றன. குளமாக அமைவதோ முதிர்ந்த மரங்களின் பொந்து. கேரளத்தின் தென்மலைக் காடுகளில், நீர் நிறைந்த அத்தகைய பொந்துகளில் நீண்ட கால்களையுடைய நண்டொன்று வாழ்வதைக் காணி மக்கள் அறிந்திருந்தனர். ஆய்வாளர்கள் அவர்கள் உதவியோடு அதனைக் கண்டு, 2017-இல் புதிய இனமென அறிவித்தனர். அதன் அறிவியற் பெயர் ‘காணி மரஞண்டு’. அம்மக்களின் குலப்பெயரும் அவர்கள் வழங்கிய பெயருமே உலகப் பெயராயின.

மரவியாபாரியின் கண்ணுக்குப் பொந்து விழுந்த மரம் பயனற்றது. நண்டுக்கோ அதுவே வீடு. நாற்றாயிரம் நட்டாலும் அவற்றில் அத்தகைய பொந்து உண்டாகப் பல தலைமுறைகள் ஆகும். ஆகவே, வெட்டிவிட்டு மீண்டும் நடுவோம் என்பது காட்டைக் காப்பதாகாது. இதனை நம் கரையார்க்கு விளக்க வேண்டுவதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இறுதியாக நடந்தது 1961-இல். சிப்பி பற்றிக்கொள்ளப் பார் வேண்டும் என்பதையும், வளம் குன்றிய பார் நாம் நினைத்த நாளில் மீளாது என்பதையும் நம் முதியோர் கண்டிருக்கின்றனர்.

பொதிகையின் கிழக்குச் சரிவுக் காடுகள் 1988 முதல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக உள்ளன. அங்கே பெய்யும் மழையே தாமிரபரணியாகித் திருவைகுண்டம் கடந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. நம் நகர்க் குழாய்களில் வருவதும் அந்நீரே. ஆதலின் அக்காடு மலைவாழ் மக்களின் கவலை மட்டுமன்று. நம் குடத்தின் கவலையுமாகும்.

நம்மாற் செய்யக்கூடியவை சில உள. மலைக்குச் சுற்றுலா செல்கையில் கிளையிலுள்ள செடிகளைப் பறித்து வாராதிருப்போம். ஆர்க்கிடு வாங்கினால், அது தோட்டத்தில் வளர்த்ததா, காட்டில் எடுத்ததா என்று கேட்போம். அழகுக்காகத் தொட்டியில் புரோமிலியா வளர்ப்போர் வாரந்தோறும் அதன் கிண்ணத்து நீரைக் கொட்டி மாற்றுவது நன்று. வீட்டருகே தேங்கும் நீரில் கொசு பெருகும். தெருவிலோ கோவில் வளாகத்திலோ பொந்துடைய பழைய வேம்போ புளியோ இருந்தால், அதனால் ஆபத்தில்லை எனில் வெட்டாது விடுவோம். கிளியும் ஆந்தையும் அங்கே குடியிருக்கக்கூடும். கோடரி எடுக்குமுன் பிள்ளைகளை அழைத்து, மாலை வேளையில் அப்பொந்தைச் சற்று நேரம் உற்று நோக்கச் சொல்வோம்.