பிழை கையிலா, கருவியிலா? நம்பகமற்ற கைத்துப்பாக்கிகளும் பழியின் இலக்கணமும்

சுட வேண்டிய நேரத்தில் ஒரு கைத்துப்பாக்கி சுடாமல் நின்றுபோனாலும், சுடக் கூடாத நேரத்தில் வெடித்தாலும், அதைப் பற்றி எழுதப்படும் முதல் வாக்கியம் பாதி விசாரணையை முடித்துவிடுகிறது. அந்த வாக்கியத்தின் எழுவாய் மனிதரா, கருவியா என்பதைப் பொறுத்தே ஒரு காவலர் வேலையிழப்பதும், ஓர் உற்பத்தியாளர் நீதிமன்றப் படி ஏறுவதும் அமைகின்றன. துப்பாக்கிகள் குறித்த விவாதத்தைப் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் மட்டுமே நடத்த வேண்டியதில்லை, மொழியியல் பயின்றவர்களுக்கும் அதில் வேலை உண்டு என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே.

அமெரிக்க இராணுவத்திலும் காவல்துறையிலும் எதிர்பாராத வெடிப்பைக் குறிக்க மூன்று பெயர்கள் புழங்குகின்றன. முதலாவது ‘தற்செயல் வெடிப்பு’. இதில் குற்றவாளி எவரும் இல்லை. இரண்டாவது ‘கவனக்குறைவு வெடிப்பு’. துப்பாக்கியைக் கையாண்டவர் குற்றவாளி என்பது பெயரிலேயே அடங்கிவிட்டது. இராணுவப் பயிற்சியாளர்கள் பலர் இந்த இரண்டாம் சொல்லையே வலியுறுத்துகின்றனர்; துப்பாக்கி தானாக வெடிக்காது, விரலே வெடிக்கச் செய்கிறது என்பது அவர்களது பாலபாடம். ஒழுக்கத்தைக் கற்பிக்க அது நல்ல விதிதான். ஆனால் ஒழுக்கத்துக்கான விதி, காரணத்தைக் கண்டறியும் விதியாக மாறும்போது சிக்கல் தொடங்குகிறது. அண்மை ஆண்டுகளின் வழக்குகளில் மூன்றாவது பெயர் ஒன்று வலுப்பெற்றது: ‘கட்டளையற்ற வெடிப்பு’. விசையை எவரும் இழுக்காமலேயே வெடித்தது என்பது அதன் பொருள். இங்கே குற்றவாளி கருவி. நிகழ்வு ஒன்றே, பெயர்கள் மூன்று. எந்தப் பெயரைத் தேர்கிறோமோ, அதனுடன் தீர்ப்பும் வந்துவிடுகிறது.

கைக்கும் கருவிக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது, ஒரு தோட்டா வெடிக்கும் ஆற்றலைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஆயத்தம் செய்துகொள்ளும் பொறி. மேலுள்ள ஸ்லைடு பின்னோக்கிப் பாய்ந்து, காலியான தோட்டா உறையை இழுத்து வெளியே எறிந்து, சுருள்வில்லின் விசையால் முன்னோக்கித் திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பிசகினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். மேகசினின் உதடுகள் சற்றே வளைந்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், தோட்டாவின் மருந்து வலுக்குறைந்திருக்கலாம். பிடித்திருக்கும் கை உறுதியாக இல்லையென்றாலும் ஸ்லைடு முழுத் தொலைவு பின்செல்லாமல் பாதியில் நின்றுவிடக்கூடும். மணிக்கட்டுத் தளர்ச்சி என்னும் இந்தக் காரணம் உண்மையானது. ஆனால் எல்லாச் சிக்கல்களுக்கும் பொருந்தக்கூடியதாகவும் நிகழ்ந்த பின் நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாததாகவும் இருப்பதால், அது மிக வசதியான காரணமும் ஆகிவிட்டது. தம் துப்பாக்கி அடிக்கடி நின்றுபோகிறது என்று முறையிடுபவர் பெறும் முதல் மறுமொழி பெரும்பாலும் ‘பிடி சரியில்லை’ என்பதுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் கோல்ட், சாவேஜ் ஆகிய இரு நிறுவனங்களின் கைத்துப்பாக்கிகளை ஒரே நிபந்தனைகளில் சோதித்தது. ஒவ்வொன்றிலிருந்தும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சாவேஜ் 37 முறை தடைபட்டது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் ஒருமுறையும் தடைபடவில்லை. அதே மாதம் அது படைக்கலனாக ஏற்கப்பட்டு, 1985 வரை அந்நாட்டின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக நீடித்தது. இச்சோதனையின் சிறப்பு எண்ணிக்கையின் பெருமையில் இல்லை. நிபந்தனைகளை ஒன்றாக்கி, தடைகளை எண்ணினால், வேறுபாட்டுக்குக் கை காரணம் என்று சொல்ல இடமில்லாமல் போகிறது. கருவி எழுவாயாக வருவதற்கு அங்கே முறைப்படி ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

நூறாண்டு கழித்து அதே இராணுவம் தேர்ந்தெடுத்த கைத்துப்பாக்கியின் கதை வேறு. சிக் சாவர் நிறுவனத்தின் பி320, 2014இல் சந்தைக்கு வந்தது. 2017 சனவரியில் அதன் இராணுவ வடிவங்களான எம்17, எம்18 தேர்வு செய்யப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரக் காவலர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். உறையோடு தரையில் விழுந்த பி320 வெடித்துத் தம் காலைக் காயப்படுத்தியது என்பது அவரது குற்றச்சாட்டு. டல்லாஸ் காவல்துறை அத்துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கியது. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பின்புறம் தரையில் மோதுமாறு விழுந்தால் அது வெடிக்கக்கூடும் என்பதைத் தனியார் சோதனைகள் காட்டின. நிறுவனமோ, நடைமுறையிலுள்ள அமெரிக்கத் தரச்சோதனைகள் அனைத்திலும் அது தேறியிருப்பதாகக் கூறியது. இரண்டும் உண்மை. விழும் கோணங்கள் சிலவற்றை மட்டுமே தரவிதி வரையறுத்திருந்தது. துப்பாக்கி விதியைப் படித்துவிட்டு விழுவதில்லை.

நிறுவனம் பின்னர் அறிவித்த தீர்வின் பெயர் ‘தன்விருப்ப மேம்பாடு’. விசையும் அதனோடு இணைந்த உட்பாகங்களும் எடை குறைந்தவையாக மாற்றப்பட்டன. குறைபாடு, திரும்பப் பெறுதல் என்னும் சொற்களுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. மேம்பாடு என்பது நன்றாக இருப்பதை மேலும் நன்றாக்குவது. தன்விருப்பம் என்பது செய்யாமல் விட்டாலும் குற்றமில்லை என்பது. இப்படிப் பெயரிட வாய்த்ததற்குச் சட்டப் பின்னணி ஒன்று உண்டு. 1972இல் உருவான அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கிகளும் தோட்டாக்களும் விலக்கப்பட்டுள்ளன. பழுதுள்ள பொம்மைத் துப்பாக்கியைச் சந்தையிலிருந்து அகற்ற அந்த ஆணையத்தால் முடியும்; பழுதுள்ள உண்மைத் துப்பாக்கியை அகற்ற முடியாது.

மேம்பாட்டுக்குப் பிறகும் புகார்கள் ஓயவில்லை. உறையில் இருந்தபடியே, விசை இழுக்கப்படாமல் வெடித்ததாகப் பலர் வழக்குத் தொடுத்தனர். விசை இழுக்கப்படாமல் அது வெடிக்க வழியே இல்லை என்று நிறுவனம் உறுதியாக மறுத்துவருகிறது. 2024 சூனில் ஜார்ஜியாவிலும் நவம்பரில் பிலடெல்பியாவிலும் நடுவர் குழுக்கள் வழக்காளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. வேறு சில வழக்குகள் தள்ளுபடியாயின. 2025 மே மாதத்தில், நிறுவனத்தின் தாய் மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர், வெளிப்புறப் பாதுகாப்புப் பொறி போன்ற சில அமைப்புகள் இல்லை என்பதை மட்டும் காட்டித் துப்பாக்கி உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த வரலாற்றில் ஓர் ஆவணம் என்னை மிகவும் ஈர்த்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை மதிப்பீட்டு இயக்குநரகம் 2017 நிதியாண்டுக்கு வெளியிட்ட அறிக்கை, விழுந்தால் வெடிக்கும் குறையை இராணுவச் சோதனையும் கண்டதையும் பாகங்கள் மாற்றப்பட்டதையும் பதிவு செய்கிறது. சாதாரணத் தோட்டாக்களைச் சுட்டபோது ஏற்பட்ட தடைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்தபடி நிற்கத் தவறியவை என்றும் அது சொல்கிறது. காரணம்? வீரர்களின் கை, ஸ்லைடை நிறுத்தும் நெம்புகோலின்மேல் பட்டதுதான். இந்தத் தடைகளைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் துப்பாக்கியின் நம்பகத்தன்மை உயர்கிறது.

கழிக்கலாமா? பயிற்றுவிக்கப்பட்ட வீரர்கள், பயிற்றுவிக்கப்பட்ட முறையில் பிடிக்கும்போது கை இயல்பாகச் சென்று அமரும் இடத்தில் நெம்புகோல் வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கையின் பிழை என்றும் சொல்லலாம், நெம்புகோலின் இடப்பிழை என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் வடிவமைப்பாளர் மேசைக்குத் திரும்ப வேண்டும். முதலாவதைச் சொன்னால் வீரர் திடலுக்குத் திரும்பினால் போதும். ஓர் அட்டவணையில் எந்தப் பத்தியின் கீழ் ஒரு தடை பதியப்படுகிறது என்பதில்தான் இந்த முடிவு ஒளிந்திருக்கிறது. பகுப்பாய்வுக்கு முன் தரவை வகைப்படுத்துவதே கோட்பாட்டு முடிவு என்பதை ஆய்வு மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டியதில்லை.

அப்படியானால் எப்போதும் கருவியையே பழிக்க வேண்டுமா? கூடாது. 2025 சூலையில் வயோமிங் மாநில விமானப்படைத் தளம் ஒன்றில் எம்18 வெடித்து இளம் வீரர் ஒருவர் இறந்தார். தொடக்கச் செய்திகளில் ஐயம் துப்பாக்கியின் மீதே விழுந்தது; விமானப்படையின் ஒரு பிரிவு அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. ஆனால் விசாரணை வேறு திசையில் சென்றது. சக வீரர் ஒருவர் கைது செய்யப்பட்டார். துப்பாக்கி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. வேறு இருவர் விசாரணையில் பொய் வாக்குமூலம் அளித்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டனர். ‘கட்டளையற்ற வெடிப்பு’ என்னும் சொல் பரவலாக அறியப்பட்ட ஒரு சூழலில், அந்தச் சொல்லே ஒருவருக்கு மறைவிடமாகவும் பயன்படக்கூடும். கையைக் காக்க விரும்புபவர் கருவியைச் சுட்டுவார். கருவியை விற்பவர் கையைச் சுட்டுவார். ஆகவே எந்த வாக்கியத்தையும் அதன் இலக்கணத்துக்காக நம்ப இயலாது. ஒரு நிகழ்வு உண்மையான பழுதைப் பொய்யாக்குவதுமில்லை. உண்மையான ஒரு பழுது எல்லாப் புகார்களையும் மெய்யாக்குவதுமில்லை.

தமிழுக்கு வருவோம். ‘சிறுவர்கள் பட்டாசு வெடித்தனர்’ என்கிறோம். ‘பட்டாசு வெடித்தது’ என்றும் சொல்கிறோம். துப்பாக்கிக்கு இந்த வசதி இல்லை. மனிதர் எழுவாயானால் ‘சுட்டார்’ என்றாகி, நோக்கமும் உடன் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘துப்பாக்கி வெடித்தது’ என்றால் மனிதர் மறைந்துவிடுகிறார். இரண்டுக்கும் நடுவே நிற்க விரும்பும் செய்தியாளர் ‘தவறுதலாக வெடித்தது’, ‘கைதவறி வெடித்தது’ என எழுதுகிறார். யாருடைய தவறு? முதல் தொடர் சொல்வதில்லை; இரண்டாவது தொடரோ எந்தச் சான்றும் இன்றிக் கையைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. பிரேக் பிடிக்காததால் பேருந்து கவிழ்ந்தது என்று எழுதத் தயங்காத நாம், பொறி பிசகியதால் துப்பாக்கி வெடித்தது என்று எழுதிப் பழகவில்லை. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியரே கவனித்திருக்கிறார். பாத்திரம் கழுவியாயிற்று என்னும்போது கழுவியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையுமில்லை. ஓர் உயிர் போன இடத்தில் அந்தக் கேள்வி தேவை.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பணியில் இருக்கும் காவலர் தம் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில்லை. வாங்குபவர் வேறு, இடுப்பில் சுமப்பவர் வேறு. உரிமம் பெற்ற தனியாருக்கும் இறக்குமதி 1980களிலிருந்தே ஏறத்தாழ அடைபட்டுள்ளது. நெடுங்காலம் அரசுத் தொழிற்சாலைகளின்.32 கைத்துப்பாக்கிகளே அவர்களுக்கான புதிய பொருளாக இருந்தன. பயன்படுத்துபவர் விலகிச் செல்ல வழியில்லாத சந்தையில், அவருடைய புகாருக்கு விலை குறைவு. அங்கே ‘பிடி சரியில்லை’ என்ற மறுமொழியே இறுதி மறுமொழியாகிவிடும்.

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவதாக, நிகழ்வுப் படிவத்தில் காரணத்தைக் குறிக்கும் கட்டம் முதலில் வரக் கூடாது. கையாண்டவரின் விவரிப்பு அவரது சொற்களிலேயே முதலில் பதியப்பட வேண்டும். ‘கவனக்குறைவு’, ‘தவறுதலாக’ ஆகிய சொற்கள் விசாரணையின் முடிவில்தான் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, வெடித்த அல்லது சிக்கிய துப்பாக்கியைப் பழுதுபார்க்காமல், அதன் மேகசினோடும் எஞ்சிய தோட்டாக்களோடும் அப்படியே பாதுகாத்து, உற்பத்தியாளரைச் சாராத ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதாக, தடைகளின் எண்ணிக்கையை, சுடப்பட்ட தோட்டாக்களின் மொத்த எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிட வேண்டும். வகுக்கும் எண் இல்லாத அனுபவங்கள் எத்தனை சேர்ந்தாலும் வதந்தியாகவே எஞ்சும். வகுக்கும் எண்ணோடு சேர்ந்தால் 37 என்ற ஒற்றை எண்ணே ஒரு துப்பாக்கியை வெளியேற்றப் போதுமானது.

தடயவியல் மொழியியலில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மிரட்டல் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் ஆராய்ந்த அளவுக்கு, விபத்து அறிக்கைகளின் வினைகளை நாம் ஆராயவில்லை. ஓர் எழுவாய் எந்தக் கட்டத்தில், யாருடைய பேனாவால், எந்தச் சான்றின் அடிப்படையில் வாக்கியத்துக்குள் நுழைந்தது என்று தேடிப் பாருங்கள். கையில் துப்பாக்கியோடு நின்றவர் தம் வேலையையும் பெயரையும் இழப்பது, அநேகமாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.