கேஸ் கீஸரை எங்கே மாட்டுவது?

போன இதழில் மாகாளிக்கிழங்கு ஊறுகாய் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது இன்னும் பதினைந்து நாள் ஊறட்டும். இந்தத் தடவை எங்கள் வீட்டு பாத்ரூமைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தைக்காரிகள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். மறைக்க மனசு வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய உறவு இருக்கும். 2025 ஜனவரி 10-ஆம் தேதி விடியற்காலை சொர்க்கவாசல். முதல் நாளே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கிவிட்டார்கள். ஒன்பது பேர், ஒரே பாத்ரூம். ராத்திரி இரண்டரை மணிக்கே குளியல் ஆரம்பம். மார்கழிக் குளிர், போதாததற்குக் காவிரிக் காற்று. மேலே இருந்த சின்ன ஜன்னலை அட்டை வைத்து அடைத்த புத்திசாலி நான்தான்.

கீஸர் தீபாவளிக்கு வாங்கியது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துத்தான் வாங்கினோம். மாட்ட வந்த பையன் பாத்ரூம் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினான். சிலிண்டரும் உள்ளேயே, மூலையில். அரை மணியில் வேலை முடிந்தது. "குழாயைத் திறந்தா வெந்நீர், மூடினா நின்னுடும், அவ்வளவுதான் மாமி" என்றான். காபி கொடுத்து அனுப்பினேன். அட்டைப் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை யார் படித்தார்கள்?

ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு வந்தார்கள். என் அத்தங்கா தலையை வலிக்கிறது என்றாள். அவள் பிள்ளைக்குக் கிறுகிறுவென்று, வாந்தி வருகிற மாதிரி இருந்தது. தசமியன்று ஒரு வேளைதானே சாப்பாடு, பட்டினித் தலைவலி என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் போனவள் என் மாட்டுப்பெண். ஏழு மாதக் குழந்தை தூங்கினால்தானே அவளால் குளிக்கப் போக முடியும்? போனவள் வரவில்லை. வாளி வழிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தான். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. என் பிள்ளை கதவை உடைத்தான். தரையில் கிடந்தாள். கேஸை மூடிவிட்டு, ஒரு புடவையைச் சுற்றி அவளைத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். யாரோ 108-க்குப் போன் பண்ணினார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம்ல கேஸ் கீஸரா?" விரலில் மாட்டுகிற கருவி ஆக்ஸிஜன் 98 என்று காட்டியது. "அதை நம்பாதீங்க, இந்த விஷத்துல அது நல்ல நம்பரே காட்டும்" என்று சொல்லி உடனே முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார். அன்று சாயங்காலம் குழந்தையைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அவர் விளக்கினதை என் பாஷையில் சொல்கிறேன். கேஸ் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். மூடின சின்ன ரூமில் கீஸர் எரிய எரிய ஆக்ஸிஜன் குறைகிறது. குறைந்தால் கேஸ் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் கைக்குழந்தைக்கும் இதனால் ஆபத்து நம்மைவிட அதிகம். தான் குளித்த கையோடு குழந்தையையும் அங்கேயே குளிப்பாட்ட இருந்தாள் என் மாட்டுப்பெண்.

"வாசனையே வரலியே டாக்டர்?" என்றேன். வராது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். அது எரியாத கேஸுக்குத்தான். எரிந்து உண்டாகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் நாட்டில் இப்படி விழுகிறவர்கள் இருப்பதால் டாக்டர்கள் இதற்கு 'கேஸ் கீஸர் சிண்ட்ரோம்' என்று பேரே வைத்திருக்கிறார்களாம். சில சமயம் வலிப்பு மாதிரி வருவதால் காக்காய்வலிப்பு என்று நினைத்து வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மூடின பாத்ரூமுக்குள் மாட்டக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எங்கள் அத்திம்பேர் திருவெறும்பூர் பெல் பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிடையரானவர். விஷயம் கேட்டு வந்தவர், "புகைபோக்கி இல்லாத பாய்லரை எங்க ஃபாக்டரியில ஒண்ணு காட்டு பார்ப்போம்" என்றார். பாய்லருக்கென்று 1923-லேயே சட்டம் வந்து, 2025-ல் அதற்குப் பதில் புதுச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அது நீராவி பாய்லருக்கு. நம் வீட்டு கீஸரைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். இங்கிலாந்தில் இருக்கிற என் ஓர்ப்படி பெண் சொல்கிறாள், அங்கே 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பேர் இருக்கிறவர்தான் கேஸ் பாய்லரைத் தொடலாமாம். வாடகை வீடென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்து வீட்டுக்காரர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டுமாம். இங்கே காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கே மாட்ட வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே.

இப்போது கீஸர் கொல்லைப்புறச் சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே, நாலு பக்கமும் காற்றாட இருக்கிறது. வெந்நீர்க் குழாய் மட்டும் பாத்ரூமுக்குள் வருகிறது. பிளம்பருக்குக் கூடுதலாக ஒரு நாள் வேலை, அவ்வளவே. சிலிண்டரும் வெளியே, நிமிர்ந்து நிற்கிறது. கேஸ் காற்றைவிட கனம், கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் கீழேயும் காற்றுப் போக வழி வேண்டும். டியூபில் போட்டிருக்கும் தேதியையும் பாருங்கள், எண்ணெய்க் கம்பெனிகளின் ஆரஞ்சு கலர் 'சுரக்ஷா' டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கென்று கொடுப்பது. கீஸருக்கு என்ன இணைப்பு என்று ஏஜென்ஸியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுப்பு டியூபில் கிளை போட்டு இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஃபிளாட்டில் இருக்கிறவர்கள், வெளிச்சுவர் இல்லையே என்பீர்கள். அப்படியானால் கேஸ் கீஸரே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நல்ல எர்த் போட்டு கரண்ட் கீஸர் வையுங்கள். இல்லையா, அடுப்பில் ஒரு அண்டா போடுங்கள். இன்னமும் உள்ளேயே வைத்திருக்கிறவர்கள், இடம் மாற்றும் வரை வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீஸரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று மாறின பிறகு உள்ளே போங்கள். வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், பித்தம் என்று என்னை மாதிரி தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். பிறகு 108. கேஸ் நாற்றமே வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

பரணில் என் மாமியாரின் செப்பு பாய்லர் கிடந்தது. நடுவில் கரி போடுகிற குழாய், மேலே புகை போக மூடி. பழைய பாத்திரக்காரரிடம் போட விலைகூடப் பேசியிருந்தேன். மாட்டுப்பெண் விடவில்லை. புளி போட்டுத் தேய்த்துக் கொல்லையில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்கு அதுதான். கரிதான் இப்போது ஸ்ரீரங்கம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை.