பறவைப் பேருல என்ன குறை?

போன வெள்ளிக்கிழமை அர்ச்சனை டிக்கெட் மேசைக்கு ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோட வந்தாங்க. பேரு கேட்டோம். "குயிலி"ன்னாங்க. வரிசையில நின்ன சிலர் சிரிச்சிட்டாங்க. "தினம் கூவுமா?"ன்னு ஒரு குரல். உண்மையைச் சொன்னா நாங்களும் சிரிச்சோம். அந்தத் தாயோட கண்ணு கலங்கிடுச்சு.

தப்பு நம்ம மேலதான். யோசிச்சுப் பாருங்க. நாம கும்பிடுற முருகனுக்கு மயில் வாகனம், கொடியில சேவல். மீனாட்சி கையில கிளி. பெருமாளுக்குக் கருடன். பிள்ளைக்கு வச்சா மட்டும் கேலியா? தோட்டத்துல நம்ம பாட்டிமாருக்கு அன்னம்மா, மயிலம்மா, கிளியம்மான்னுதானே பேரு! குயிலி, வேலு நாச்சியார் படையில உயிரைக் கொடுத்த வீரப்பெண்ணுன்னு சொல்லுவாங்க. அர்த்தம் தெரியாம வைக்கிற பேருக்கு இது எவ்வளவோ மேல்.

பெற்றோருக்கு ஒண்ணு. பிறப்புப் பத்திரத்துல பதியறதுக்கு முன்னாடி எழுத்துக்கூட்டலை நல்லா பாருங்க. மலாய், சீன ஆசிரியர் வாயிலயும் சரியா வரணும். வளர்ந்ததும் பேரோட கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்க.

பெரியவங்களே, பிடிக்கலைன்னா வீட்டுல பேசுங்க, சன்னதியில வேணாம்.

அந்தத் தாய் இதைப் படிச்சா, எங்களை மன்னிச்சிடுங்கம்மா. குயிலியை மறுபடியும் கூட்டிட்டு வாங்க. முருகன் துணை. 🙏