ஊசி போட்டவர் யார்?

கன்று ஈன்ற மறுநாள் கலப்பினப் பசு எழ முடியாமல் படுத்துக்கொண்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்து, காது சில்லிட்டு, மூக்கு காய்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் பால் காய்ச்சல். கறவைக்காக இரத்தத்திலிருந்த கால்சியம் மடிக்குப் போய்விட்டதால் வருவது. 450 மில்லி கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் ஏற்றினால் நம் கண்ணெதிரிலேயே மாடு தேறும். ஏப்பம் விடும், சாணி போடும், மூக்கில் முத்து முத்தாக ஈரம் அரும்பும், பிறகு எழுந்து கன்றைத் தேடும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு 'இவ்வளவுதானா வைத்தியம்?' என்று தோன்றிவிடுகிறது.

பாட்டில் ஏறும்போது மருத்துவரின் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்திருக்கும். துடிப்பு தாறுமாறாகத் தொடங்கினால் பாட்டிலை உடனே தாழ்த்த வேண்டும். சரியாகாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். வேகமாக ஏற்றினால் அதே கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும்.

நாமக்கல், சேலம் வட்டாரங்களில் கால்நடை உதவி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "ஊசிக்காரர் வந்து பாட்டில் ஏத்துனாருங்க டாக்டரம்மா, பாதியிலேயே கண்ணு சொருகிருச்சுங்க" என்று சொல்லி அழுத ஒரு பெண்ணை இன்றும் மறக்க முடியவில்லை. மாட்டின் காதில் காப்பீட்டு வில்லை இருந்தது. இழப்பீடு கேட்க வேண்டுமானால் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும், என்ன சிகிச்சை நடந்தது என்று சொல்லவும் வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, யார் ஏற்றியது என்று கேட்டேன். அவரிடம் இருந்தது ஒரு செல்போன் எண் மட்டும். சீட்டு இல்லை, பில் இல்லை, வந்தவரின் முழுப் பெயர்கூட அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சட்டத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. பதிவு பெற்றவர் மட்டுமே கால்நடை மருத்துவம் பார்க்கலாம், நலச்சான்றில் கையெழுத்திடலாம், நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்லலாம். பதிவுக்கு ஐந்தரை ஆண்டுப் படிப்பு வேண்டும். அதில் கடைசி ஓராண்டு முழுக்கப் பயிற்சி. அதே பிரிவு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்ற கால்நடை ஆய்வாளர் போன்றவர்கள் தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற முதலுதவிகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். ஆனால் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அந்த மேற்பார்வைதான் ஊர்ப்புறத்தில் காணாமல் போயிருக்கிறது. இன்ன ஆய்வாளர் போட்ட ஊசிக்கு இன்ன மருத்துவர் பொறுப்பு என்று மாட்டுக்காரருக்குத் தெரிவிக்க ஓர் ஏற்பாடும் இல்லை. யார் பொறுப்பு என்று தெரியாத இடத்தில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர் சுலபமாக நுழைந்துவிடுகிறார்.

இது மாட்டுக்காரரின் நஷ்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. மடிநோய்க்கு ஆண்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலைச் சில நாட்களுக்குச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அடைப்பான் வந்து செத்ததோ என்று சந்தேகம் இருந்தால் அந்த மாட்டை அறுக்கவே கூடாது. அறுத்தால் கிருமியின் வித்துகள் அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், அறுத்தவருக்கும் தொற்றும். டைக்ளோஃபெனாக் கதை தெரிந்ததுதான். அந்த மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுகளும் சிறுநீரகம் கெட்டுச் சாகும். 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை என்பதால், 2015-இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளைக் காக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மருந்துக் கடைக்காரர் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தக் குப்பி மாட்டுக் கொட்டகைக்கே போயிருக்காது.

போலிகளைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி தீர்மானம் போடுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். இரவு இரண்டு மணிக்குக் கன்று பாதி வெளியே வந்து நிற்கும்போது, மருந்தகம் பூட்டியிருக்கும்போது, கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர் அந்த ஊசிக்காரர்தான். 1962-க்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வரும் ஏற்பாடு நல்லது. ஆனால் ஒரே வண்டி ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நிற்க முடியாது. வேறு வழி காட்டாமல் அவரை மட்டும் அப்புறப்படுத்தினால் மாடு வைத்தியமே இல்லாமல் சாகும். ஊர்க்காரர்கள் அவரைக் காட்டிக்கொடுக்காததற்குக் காரணம் இதுதான். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

நான் கேட்பது எளிதில் செய்யக்கூடியதுதான். மாட்டுக்கு ஊசி போடுகிற எவரும் மருந்தின் பெயர், அளவு, பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது, பொறுப்பேற்கும் மருத்துவரின் பதிவு எண் ஆகியவற்றை எழுதிய சீட்டை மாட்டுக்காரர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆய்வாளர் போட்டாலும் அவரை மேற்பார்க்கும் மருத்துவரின் எண் அதில் இருக்க வேண்டும். எண் இல்லாத சீட்டுக்குக் கடையில் ஆண்டிபயாடிக் தரக் கூடாது. கால்நடை மருந்தகத்தின் பலகையில் அந்தப் பகுதியில் யார் யாருக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும்.

இரவு அழைப்புக்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. தமிழ்நாட்டில் இன்று ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வரும் பிள்ளைகள் நகரத்தில் நாய், பூனை பார்க்கப் போவதைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே கட்டணம் அன்றைக்கே கைக்கு வருகிறது. ஊரில் அப்படி வராது. பக்கத்துப் பக்கத்துப் பால் சங்கங்கள் சேர்ந்து ஓர் இளம் மருத்துவரை இரவுப் பணிக்கு அமர்த்தலாம். தீவனத்துக்கான தொகையைப் பால் பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவருக்கான தொகையையும் அதே பட்டுவாடாவில் பிடித்துக்கொள்ளலாம்.