அடுத்தவர் போனைப் பார்க்கலாமா?



மரக்காணம் உப்பளங்களில் பாத்திக்குப் பாத்தி வரப்பு உண்டு. வரப்பு உடைந்தால் பல நாள் உழைப்பு வீண். மனிதர்களுக்கு நடுவிலும் ஒரு வரப்பு உண்டு. அதன் பெயர் அந்தரங்கம். அக்காவுக்குத் தெரியாமல் அவள் செல்போனைப் பார்ப்பதும் வரப்பை உடைப்பதுதான்!

அரசாங்கமே நினைத்தபடி இதைச் செய்ய முடியாது. அந்தரங்கம் நமது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். லஞ்சப் புகார் ஒன்றில் சிக்கியவரின் போனை ஒட்டுக்கேட்க 2011ல் போடப்பட்ட உத்தரவை, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால்தான் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

அப்படியானால் ஒருபோதும் பார்க்கக் கூடாதா? ஒருவரைக் காணவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் பெரியவர்கள் பார்க்கலாம். அதுவும் தேவையான அளவுக்கு மட்டுமே. பார்த்ததை ஊரெல்லாம் பரப்பக் கூடாது. பிறகு அவரிடமே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தோழியை யாரோ போனில் மிரட்டுவதாகச் சந்தேகமா? போனை எடுக்காதீர்கள். முதலில் அவளிடமே கேளுங்கள். சொல்ல மறுத்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 எண்ணுக்கும் அழைக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பார்த்தால் அது அக்கறை, ஒளிந்து பார்த்தால் அது வேவு.

அன்புடன்,
ஆசிரியர்